ஆங்கிலம் படிப்போம்: ‘ரிவோக்’ என்ற சொல்லும் அதன் சொந்தக்காரச் சொற்களும்



இந்த முறை பாடத்துக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அது பெரிய சொல் இல்லை. ஆறு எழுத்துத்தான். ஆர், ஈ, வீ, ஓ, கே, ஈ. ‘ரி-வோக்’ என்று இரண்டாகப் பிரித்து, ‘வோக்’கை அழுத்திச் சொல்ல வேண்டும். பாடப் புத்தகத்தில் இது எப்போதாவது ஒரு தடவைதான் கண்ணில் படும். ஆனால் ஒபீஸிலிருந்து வரும் கடிதத்திலும், வர்த்தமானியிலும், நொத்தாரிசு எழுதும் உறுதியிலும் இது அடிக்கடி வரும்.

பாடத்துக்குப் போவதற்கு முதல் ஒரு கதை. ஒரு தோட்டத்தில் நடந்தது. எந்தத் தோட்டம் என்பது வேண்டாம்.

ஃபெக்டரியில் வேலை செய்த ஒருவருக்கும் மேலே இருந்தவருக்கும் வாய்த்தர்க்கம். இரண்டு நாளில் ‘சஸ்பென்ட்’ பண்ணிக் கடிதம் வந்துவிட்டது. அவரும் வீட்டில் இருந்தார். விசாரணை நடந்தது, தலைவர் போய்ப் பேசினார். அதற்குப் பிறகு இன்னொரு கடிதம் லயத்துக்கு வந்தது. முழுக்க இங்கிலீஷ். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகனிடம் கொடுத்தார்கள்.

“என்னடா தம்பி எழுதியிருக்கு?”

“சஸ்பென்ஷன்னு போட்டிருக்குப்பா. ஒர்டர்னும் இருக்கு. கடைசியில ரிவோக்டாம்.”

“அப்பிடின்னா?”

“தெரியலப்பா. ஒரேயடியா நிப்பாட்டிட்டாங்க போல.”

அவ்வளவுதான். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அப்பா வெளியில் தலைகாட்டவில்லை. நான்கு நாள் கழித்துத் தலைவரே வீடு தேடி வந்தார். “ஏம்ப்பா வேலைக்கு வரல? வரச்சொல்லித்தானே கடிதாசி குடுத்திருக்கு” என்று சத்தம் போட்டார்.

அந்தக் கடிதத்தில் இருந்த வரி இதுதான்: “த ஒர்டர் ஒஃப் சஸ்பென்ஷன் இஸ் ஹியர்பை ரிவோக்ட்.” அதாவது, ‘வேலை இடைநிறுத்தக் கட்டளை இத்தால் இரத்துச் செய்யப்படுகிறது’. தண்டனை நீங்கிவிட்டது, வேலைக்கு வரலாம் என்று அர்த்தம். நல்ல செய்தியைக் கெட்ட செய்தியாக வாசித்ததால் நான்கு நாள் பேர் போடவில்லை. நான்கு நாள் சம்பளம் போனது. பையன் மேல் பிழை சொல்ல முடியாது. அவனுக்குத் தெரிந்த சொல் ‘சஸ்பென்ஷன்’. பயந்த மனசு தெரிந்த சொல்லிலேயே நின்றுவிட்டது.

ஆகவே முதலாவது பழக்கம். ஒபீஸ் கடிதம் கையில் கிடைத்தால் ‘ஹியர்பை’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்கு ‘இத்தால்’ அல்லது ‘இதன் மூலம்’ என்று அர்த்தம். எங்கே ஹியர்பை இருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் வரும் சொல்தான் அந்தக் கடிதம் செய்கிற வேலை. ‘ஹியர்பை சஸ்பென்டட்’ என்றால் நிறுத்தி வைக்கிறார்கள். ‘ஹியர்பை டேர்மினேட்டட்’ என்றால் வேலையை முடிக்கிறார்கள். ‘ஹியர்பை ரிவோக்ட்’ என்றால் முன்னால் செய்ததைத் திரும்ப எடுக்கிறார்கள். மிச்சம் எல்லாம் அப்புறம் வாசிக்கலாம்.

இனி சொல்லைப் பார்ப்போம். ‘ரி’ என்றால் திரும்ப, பின்னுக்கு. ‘வோக்’ என்பது லத்தீன் மொழியில் கூப்பிடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆக, ரிவோக் என்றால் ‘திரும்பக் கூப்பிடு’. வெளியே அனுப்பிய கட்டளையைத் திரும்பக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொள்வது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. தமிழில் நாம் ‘வாபஸ்’ என்கிறோமே, அதற்கும் கிட்டத்தட்ட இதே பொருள்தான். அது பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். திரும்ப என்று அர்த்தம். ‘ரத்து’ என்பதும் அரபியிலிருந்து வந்ததுதான். இங்கிலீஷ்காரனைப் போல நாமும் கடன் வாங்கித்தான் பேசுகிறோம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எதை ரிவோக் பண்ணலாம்? அதிகாரம் உள்ள ஒருவர் கொடுத்ததை மட்டும். கட்டளை, அனுமதிப்பத்திரம், லைசென்ஸ், நியமனம், வர்த்தமானி அறிவித்தல், மரண சாசனம், அற்றோர்ணித் தத்துவம். கொடுத்தவரே திரும்ப எடுக்கலாம், அல்லது அவருக்கு மேலே அதிகாரம் உள்ளவர் எடுக்கலாம். பஸ் சீட்டை யாரும் ரிவோக் பண்ணுவதில்லை. கல்யாணத்துக்குச் சொன்ன சமையல்காரரை ரிவோக் பண்ணுவதும் இல்லை. அங்கேயெல்லாம் ‘கேன்சல்’தான்.

உதாரணம்: “ஹிஸ் லைசென்ஸ் வோஸ் ரிவோக்ட்.” அவருடைய லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள். “ஷீ ரிவோக்ட் த பவர் ஒஃப் அற்றோர்ணி.” அவர் கொடுத்த அற்றோர்ணித் தத்துவத்தைத் திரும்ப எடுத்தார்.

இந்த இரண்டாவது உதாரணம் நம் வீடுகளுக்குத் தேவையானது. வெளிநாட்டுக்குப் போகும்போது தம்பிக்கோ மச்சானுக்கோ தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். திரும்பி வந்ததும், அல்லது மனஸ்தாபம் வந்ததும், “இனி நீ பாக்க வேணாம்” என்று வாயால் சொன்னால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. அதை எழுத்தில் ரிவோக் பண்ணி, அந்தத் தத்துவத்தைக் காட்டிய வங்கிக்கும் கந்தோருக்கும் அறிவிக்க வேண்டும். பதிவு செய்த தத்துவம் என்றால் பதிவு செய்த இடத்துக்கும் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்து கையெழுத்துப் போடலாம்.

மரண சாசனத்தில் ஒரு விசேஷம். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, சாசனம் எழுதியவர் அதற்குப் பிறகு கலியாணம் முடித்தால் முன்னால் எழுதியது பொதுவாகத் தானாகவே ரிவோக் ஆகிவிடும். யாரும் கிழிக்கத் தேவையில்லை. இரண்டாம் கலியாணம் செய்கிற தாத்தாமார் கவனிக்க!

சரி, இப்போது சொந்தக்காரச் சொற்கள். எல்லாமே ஒரே குடும்பந்தான், ஆனால் குணம் வேறு வேறு.

‘கேன்சல்’ நாம் தினமும் பேசும் சொல். “இண்டைக்கு மீட்டிங் கேன்சல்”, “கிளினிக் கேன்சலாம்”. லத்தீன் மொழியில் இதன் வேர்ச்சொல்லுக்குக் கம்பி வலை, தட்டி என்று அர்த்தம். எழுதியதன் மேல் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டால் கம்பி வலை மாதிரித் தெரியும் அல்லவா? அதுதான் கேன்சல். செக்ரோலில் பிழையாகப் போட்ட பேரின் மேல் கோடு இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேன்சலில் கோபம் இல்லை, ரிவோக்கில் பெரும்பாலும் அதிகாரத்தின் கை இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் பயந்தவர்களும் உண்டு. அரபு நாட்டில் வேலை முடித்து வரும் பெண்ணின் தாளில் ‘வீசா கேன்சல்ட்’ என்று அடித்திருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்து வருகிறவர்களுக்கு வழக்கமாகச் செய்கிற காரியம் அது. குற்றம் செய்தார் என்று அர்த்தம் இல்லை. அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்துவிட்டுக் கதை கட்ட வேண்டாம்.

‘வித்ட்ரோ’. இந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதற்கு இரண்டு முகம் இருக்கிறது.

ஒரு முகம் நமக்கு நன்றாகத் தெரியும். வங்கியில் காசு எடுக்கும் துண்டில் ‘வித்ட்ரோவல்’ என்று இருக்கும். சேமலாப நிதி எடுக்கப் போனாலும் அதே சொல்தான். காசு கைக்கு வரும் சொல் என்று மனதில் பதிந்துவிட்டது.

மற்ற முகம், தான் சொன்னதை அல்லது கேட்டதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வது. “ஹீ வித்ட்ரூ த கம்ப்ளெயின்ட்.” அவர் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார். “ஐ விஷ் டு வித்ட்ரோ மை லெட்டர் ஒஃப் ரெசிக்னேஷன்.” என்னுடைய இராஜிநாமாக் கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புகிறேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பிரச்சினை தீர்ந்து, காசு கொடுக்கும்போது ஒரு தாளை நீட்டுகிறார்கள். அதில் “ஐ வித்ட்ரோ ஓல் மை க்ளெய்ம்ஸ்” என்று ஒரு வரி. வங்கித் துண்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு என்ன தோன்றும்? ‘எனக்கு வர வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டேன்’ என்றுதான் தோன்றும். அதற்கு அப்படி அர்த்தம் இல்லை. ‘எனக்கு உரிமை உண்டு என்று கேட்டதையெல்லாம் கைவிடுகிறேன்’ என்பதுதான் அர்த்தம். கையில் கொடுத்தது பாதிதான் என்றாலும், மிச்சத்தைக் கேட்கப் போகும்போது அந்த வரி குறுக்கே நிற்கும். க்ளெய்ம் என்ற சொல்லோடு வித்ட்ரோ வந்தால் பேனையைக் கீழே வையுங்கள். “தலைவர்கிட்ட காட்டிட்டு நாளைக்குப் போடுறேன் ஐயா” என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இராஜிநாமாவையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் மனம் மாறுவது மனித சுபாவம். மேலிடம் அதை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் எழுத்தில் வித்ட்ரோ பண்ணிவிட வேண்டும். ஏற்றுக்கொண்டு பதில் கடிதமும் தந்துவிட்டார்கள் என்றால், அதற்குப் பிறகு திரும்ப எடுப்பது கஷ்டம்.

‘ரிவர்ஸ்’ லொறி டிரைவர்மார் எல்லோருக்கும் தெரியும். பின்னுக்கு எடுப்பது. கொழுந்து லொறி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்காதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே சொல்லை வங்கியும் பாவிக்கிறது. மெஷினில் காட்டைப் போட்டோம், காசு வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது என்றால் வங்கி அதை ‘ரிவர்ஸ்’ பண்ண வேண்டும். துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு “ப்ளீஸ் ரிவர்ஸ் த டிரான்ஸாக்ஷன்” என்று கேளுங்கள். கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை மேல் நீதிமன்றம் மாற்றினாலும் ‘ரிவர்ஸ்ட்’ என்றுதான் பேப்பரில் எழுதுவார்கள்.

தடையை எடுத்தால் ‘லிஃப்ட்’. தூக்குவது என்ற அதே சொல். 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை போட்டது நினைவிருக்கலாம். ஒரு சரக்கில் வண்டு ஒன்று இருந்தது என்பது காரணம். மாத முடிவிலேயே தடையை எடுத்துவிட்டார்கள். “த பேன் வோஸ் லிஃப்டட்” என்று செய்தி வந்தது. பாரத்தைத் தலையிலிருந்து தூக்குவது போலத்தான்.

இனி, சொந்தக்காரன் மாதிரி வந்து ஏமாற்றும் ஒரு சொல். ‘சஸ்பென்ட்’. பலர் இதையும் ரத்து என்றே சொல்கிறார்கள். அது ரத்து இல்லை. நிறுத்தி வைப்பது. தொங்கவிடுவது என்பதுதான் அதன் மூலப் பொருள். தொங்குகிற சாமானைத் திரும்ப இறக்கவும் முடியும், தூக்கி வீசவும் முடியும்.

நம் சம்பளக் கதையே இதற்கு நல்ல பாடம். 2024ஆம் ஆண்டு மேதினத்தையொட்டித் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. தோட்டக் கொம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலை மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை ஒன்று கொடுத்தது. அன்றைக்கு லயத்துக்கு லயம் பேச்சு, “1,700 ரத்தாம்!” என்று. இங்கிலீஷ் பேப்பரில் இருந்த சொல் ‘சஸ்பென்டட்’. வழக்கு முடியும்வரை நடைமுறைப்படுத்தாமல் வைத்திரு என்பதே அதன் அர்த்தம். வர்த்தமானி அப்போது சாகவில்லை, மயக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கத் தரப்பு அந்த வர்த்தமானியையே மீளப்பெற்றது. அப்போது வந்த சொல்தான் ‘ரிவோக்ட்’. அதே ஆண்டில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று வேறு தீர்மானம் வந்தது.

இரண்டு சொல்லும் நமக்கு ஒரே மாதிரிக் கேட்டன, ஏனென்றால் இரண்டு நாளும் சம்பளத் துண்டில் ஒரே தொகைதான் இருந்தது. ஆனால் செய்ய வேண்டிய காரியம் வேறு. சஸ்பென்ட் என்றால் வழக்கைக் கவனிக்க வேண்டும். ரிவோக் என்றால் புதிதாகத் தீர்மானம் கேட்க வேண்டும். சொல் தெரியாவிட்டால் கூட்டத்தில் எழும்பி என்ன கேட்பது என்றே தெரியாது.

‘அன்டூ’ என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. ‘டூ’ என்றால் செய். ‘அன்டூ’ என்றால் செய்ததை இல்லாமல் செய். சட்டையின் பொத்தானைக் கழற்றுவதும் அன்டூ, முடிச்சை அவிழ்ப்பதும் அன்டூ. கம்ப்யூட்டரில் பிழையாக அடித்ததை ஒரு தட்டில் பழையபடி ஆக்குவதும் அதுவே. பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

ரிவோக்குக்கும் அன்டூவுக்கும் உள்ள தூரத்தைக் கொழுந்து மலையில் பார்த்தோம். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அரசாங்கம் தடையை எடுத்துவிட்டது. ஆறேழு மாதந்தான். கட்டளையை ஒரு வர்த்தமானியால் ரிவோக் பண்ண முடிந்தது. மலையைப் பண்ண முடிந்ததா? உரம் காணாத செடி அடுத்த மாதமே துளிர்த்துவிடவில்லை. உரமும் நெருப்பு விலைக்குப் போனது. 2021இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக் கிலோ அளவுக்கு இறங்கியது. எண்ணெய்ப் பஞ்சம், கரண்ட் வெட்டு என்று 2022இல் வேறு கஷ்டங்களும் இருந்தன, முழுப் பழியையும் உரத்தின் மேல் போடக்கூடாது. ஆனால் நிறை குறைந்த நாட்களில் கூடையோடு நின்றவர்களுக்கு விளங்கும். இங்கிலீஷில் இதை இப்படி எழுதலாம்: “த பேன் வோஸ் ரிவோக்ட், பட் த டேமேஜ் வோஸ் நொட் அன்டன்.” தடை நீங்கியது, சேதம் நீங்கவில்லை. பிள்ளைகள் இந்த வாக்கியத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். சாதாரண தரக் கட்டுரையில் எங்கேயாவது பாவிக்கலாம்.

சட்டத்தை நீக்கினால் ‘ரிபீல்’. பாராளுமன்றம் செய்கிற வேலை. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு சொல்லைத்தான் சொல்ல வேண்டும்: ‘ரெஸ்டோர்’, ‘கிராண்ட்’. ரெஸ்டோர் என்றால் முன்பு இருந்ததைத் திரும்பக் கொடுப்பது. கரண்ட் போய்த் திரும்ப வந்தால் ‘ரெஸ்டோர்ட்’. கிராண்ட் என்றால் புதிதாக வழங்குவது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பூட்டன்மாரில் மிகப் பெரும்பாலானோர் பிரஜைகள் இல்லை என்றாகிப் போனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. பிறகு 1964 ஒப்பந்தம், கப்பல், பிரிவு. எல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கடைசியாக மிச்சம் இருந்தவர்களுக்காக 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் இங்கிலீஷ் தலைப்பு எந்தச் சொல்லோடு ஆரம்பிக்கிறது தெரியுமா? ‘கிராண்ட்’. ‘இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம்’ என்று பொருள். வழங்கும் என்றுதான் இருக்கிறது, திருப்பித் தரும் என்று இல்லை. நல்ல சட்டந்தான், பல குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்தன. ஆனாலும் அந்த இடத்தில் ‘ரெஸ்டோர்’ என்று இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். எடுத்ததைத் தந்தோம் என்று ஒத்துக்கொள்வதும், இல்லாதவனுக்குக் கொடுத்தோம் என்று சொல்வதும் ஒன்றா?

இனி, இந்தப் பாடத்தில் ஆகவும் முக்கியமான சொல். அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

ரிவோக்கின் முன்னால் ‘இல்லை’ என்று சொல்லும் எழுத்துகளைச் சேர்த்தால் ‘இர்ரெவக்கபிள்’. ஐ, ஆர், ஆர், ஈ, வீ, ஓ, சீ, ஏ, பீ, எல், ஈ. பாருங்கள், ரிவோக்கில் இருந்த கே போய் சீ வந்துவிட்டது. உச்சரிப்பும் மாறிவிட்டது, அழுத்தம் ‘ரெ’யில் விழும். அதனால் ரிவோக் தெரிந்தவருக்கும் இதைப் பார்த்ததும் சட்டென்று பிடிபடாது. அர்த்தம்: திரும்ப எடுக்க முடியாதது.

இது எங்கே வரும்? நன்கொடை உறுதியில் வரும். நம் ஆட்களில் சிலர் பாடுபட்டுச் சின்னக் காணித்துண்டு, வீடு என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். வயதானதும் “எல்லாம் ஒனக்குத்தானே ராசா” என்று மகன் பேரிலோ மகள் பேரிலோ எழுதிவிடுகிறார்கள். அம்மாயி கைநாட்டு வைக்கிறார். உறுதியில் ‘இர்ரெவக்கபிள்’ என்று இருக்கிறதா என்று யார் பார்த்தது? பிள்ளை நல்ல பிள்ளையாக இருந்தால் வம்பு இல்லை. இல்லாவிட்டால், எழுதிக் கொடுத்த தாய் அந்த வீட்டுத் திண்ணையிலேயே அந்நியர் மாதிரி உட்கார வேண்டி வரும்.

அப்படி எழுதியதை ஒருபோதும் மாற்ற முடியாதா? ஒரு வழி இருக்கிறது, சுலபமான வழி இல்லை. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கியவர் கொடுத்தவருக்குப் பெரும் நன்றிகேடு செய்தார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஒப்புவித்தால், அப்படிப்பட்ட உறுதியை ரிவோக் பண்ணலாம். தாயோ தகப்பனோ சொந்தப் பிள்ளைக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறி அதைச் சொல்ல வேண்டும். எத்தனை அம்மாயிமார் ஏறுவார்கள்?

அதனால் கைநாட்டுக்கு முன்னால் நொத்தாரிசு ஐயாவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம். ஒன்று, “இதைப் பிற்காலத்தில் திரும்ப எடுக்க முடியுமா?” இரண்டு, “நான் இருக்கும்வரை இங்கே இருக்க உரித்து வைத்திருக்கிறீர்களா?” இந்த இரண்டாவதுக்கு இங்கிலீஷில் ‘லைஃப் இன்டரஸ்ட்’ என்பார்கள். வங்கி வட்டிக்கும் இன்டரஸ்ட் என்றுதான் பெயர், ஆனால் இங்கே வட்டி இல்லை, சீவிய உரித்து. சாகும்வரை அனுபவிக்கும் உரிமை. அதை உறுதியில் எழுதிவைத்துக்கொண்டு கொடுத்தால், பெயர் பிள்ளைக்குப் போனாலும் கூரை உங்களுக்கு இருக்கும். பிள்ளை முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கடன் பத்திரங்களிலும் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கச் சம்மதம் கொடுக்கும் தாளில் ‘இர்ரெவக்கபிள் ஒத்தோரிட்டி’ என்று இருந்தால், கடன் முடியும்வரை உங்கள் இஷ்டத்துக்கு அந்தச் சம்மதத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்று பொருள். பிழை என்று சொல்லவில்லை. தெரிந்து போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. இங்கிலீஷ் தெரியவில்லையே என்று அரசாங்கக் கந்தோர்களில் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தந்திருக்கிறது. ஆனால் கொம்பனிக் கடிதமும் உறுதியும் கடன் தாளும் இங்கிலீஷில்தான் வருகின்றன. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி. கீழே உள்ள இடங்களில் எந்தச் சொல் பொருந்தும் என்று பெரியவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

1. மழை என்பதால் விளையாட்டுப் போட்டி நடக்கவில்லை. “த மெச் வோஸ் ______.”
2. அக்கா பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றார். “ஷீ ______ த கம்ப்ளெயின்ட்.”
3. விசாரணை முடியும்வரை மாமாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். “ஹீ இஸ் ______.”
4. விசாரணையில் குற்றம் இல்லை என்று தெரிந்தது, கட்டளையை நீக்கிவிட்டார்கள். “த ஒர்டர் வோஸ் ______.”
5. மூன்று நாளாக வராத தண்ணீர் திரும்ப வந்தது. “த வோட்டர் சப்ளை வோஸ் ______.”
6. தாத்தா எழுதிய உறுதியைத் திரும்ப எடுக்க முடியாது. “த டீட் இஸ் ______.”

விடைகள்: 1. கேன்சல்ட். 2. வித்ட்ரூ. 3. சஸ்பென்டட். 4. ரிவோக்ட். 5. ரெஸ்டோர்ட். 6. இர்ரெவக்கபிள்.

நாலாவது வாக்கியத்துக்கு ‘கேன்சல்ட்’ என்று எழுதியவர்களுக்கும் பாதிப் புள்ளி கொடுக்கலாம். மூன்றாவதற்கு ‘ரிவோக்ட்’ என்று எழுதியவர்கள் மேலே இருக்கும் கதையை இன்னொரு தடவை வீட்டில் சத்தமாக வாசியுங்கள்.